தோன்யா லியோகாதியாவின் வாசலுக்கு மண்வீடு வந்த விவரம்

மனித குல வரலாற்றிலேயே மண்ணை முற்றாக வென்ற முதல் நகரம் வில்லா தெயோதோரா. ஊர் எல்லையில் நிற்கும் வளைவில் வெண்கல எழுத்துகளில் அப்படித்தான் பொறித்திருக்கிறது. கீழே மேயர் தோன் ஃபாஸ்தினோ பாராசாவின் பெயர், வரலாற்றைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில். அந்த வளைவைத் திறந்து வைத்த அதே ஆண்டு, மார்ச் மாதத்தில் ஒரு நாள் மதியத் தூக்கம் முடிந்து ஊர் கதவைத் திறந்தபோது, சதுக்கத்தின் நடுவில், மேயர் வீட்டைப் பார்த்தபடி ஒரு மண்குடிசை நின்றது. மண்சுவர், வைக்கோலும் முள்குச்சியும் போட்ட கூரை, கதவுக்குப் பதில் ஒரு சாக்குத்துணி. வடக்கு மூலை மட்டும் கருகியிருந்தது. அதை யாரும் கட்டவில்லை. காட்டுப் பாதையிலிருந்து சதுக்கம் வரை புழுதியில் ஒரு பெரிய பெட்டியை இழுத்துவந்த மாதிரித் தடம் இருந்தது; குடிசை தானாக வந்திருந்தது. அன்று காலையில்தான் மேயரின் மனைவி தோன்யா லியோகாதியாவுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது.

சாந்தியாகோ தெல் எஸ்தேரோ மாகாணத்தில் மண்வீடு என்றால் விஞ்சூக்கா. பகலெல்லாம் சுவர் விரிசலில் ஒளிந்திருந்து, விளக்கணைந்ததும் கூரையிலிருந்து விழுந்து, தூங்குகிறவர் முகத்தில் இரத்தம் குடிக்கும் பூச்சி அது. அது விட்டுப்போகும் சாகாஸ் நோய் உடம்புக்குள் இருபது முப்பது வருடம் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பிறகு ஒருநாள் இதயத்தை ஊதிப் பெரிதாக்கும். எங்கள் ஊரில் அதை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குடிசை நோய் என்பார்கள், அதுவும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு.

அதை ஒழிப்பதற்காகத்தான் மண்ணொழிப்பு மகளிர் குழு அமைந்தது. தலைவி தோன்யா லியோகாதியா; சீமாட்டிகளை நாங்கள் மரியாதையாகத் தோன்யா என்போம். வாரம் ஒருமுறை சீமாட்டிகள் வெள்ளைக் கையுறை அணிந்து, பாண்டு வாத்தியத்தோடும் பாதிரியாரோடும் காட்டுக்குப் போவார்கள். குடிசையிலிருந்து ஆட்களையும் பானைகளையும் வெளியே எடுத்ததும் பாதிரியார் தண்ணீர் தெளிப்பார், சீமாட்டிகள் மண்ணெண்ணெய் தெளிப்பார்கள், தோன்யா தீவைப்பாள். ஆட்களுக்குத் தகரக் கூரை போட்ட செங்கல் அறை ஒன்று கிடைக்கும். பூச்சிகள் எரிந்தன என்பது உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. இரத்தத்தில் இருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. பாண்டு வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தது.

முதலில் எரித்தது காட்டின் கடைசிக் கோடியில், கெப்ராச்சோ மரங்களுக்கு நடுவில் தனியாக நின்ற ஒரு குடிசை. அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் ஆரம்பிக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். தூரத்து இருட்டைத்தான் முதலில் விரட்ட வேண்டும் என்று தோன்யா பதில் சொன்னாள். அது மறுநாள் செய்தித்தாளில் வந்தது. அந்தப் பக்கம் தன் வாழ்நாளில் காலடி வைத்ததில்லை என்றும் சொன்னாள். ஆனால் பாதை பிரிந்த ஒவ்வோர் இடத்திலும் ஓட்டுநர் வாயைத் திறப்பதற்குள் இடது, வலது என்று கை காட்டியது அவள்தான். குடிசையில் இருந்த பெண் தன் இரும்புச் சட்டியையும் கோழிகளையும் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பெயர் நிகாசியா சாயாகோ. "வாங்க தோன்யா," என்று மட்டும் சொன்னாள். இருவருக்கும் ஒரே மூக்கு. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். எல்லோரும் நெருப்பைப் பார்ப்பதுபோல நின்றோம்.

தோன்யா பிறந்தது எலிசாகோயென் வம்சத்தில் என்பது அவள் சொல்லி ஊர் ஏற்றுக்கொண்ட விஷயம். அவள் வீட்டுக் கூடத்தில் தாடி வைத்த ஒரு முப்பாட்டனாரின் எண்ணெய் ஓவியம் தொங்கியது. தூக்குமான் நகரில் ஏலத்தில் வாங்கியது. ஏலக்காரர் சட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

இப்போது மரியாதைக் கோடு என்ற வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சாகாஸ் இருக்கிறதா என்று இரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஏனென்றால் தாயின் இரத்தத்தில் இருப்பது, பூச்சியையே பார்த்திராத பிள்ளைக்கும் வயிற்றிலேயே போய்விடும். ஆனால் ஊர் என்றால் மரியாதை என்று ஒன்று உண்டு. குடும்ப மருத்துவர் எவாரிஸ்தோ லுனா, ஓட்டுவீட்டுச் சீமாட்டிகளிடம் அந்த இரத்தத்தைக் கேட்பதில்லை. நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்பதற்குச் சமம் அது. சோதனைச் சீட்டில் அந்த இடத்தில் பேனாவால் அழகாக ஒரு கோடு இழுத்துவிடுவார். ஒருமுறை மறதியாக மருந்துக்கடைக்காரரின் மனைவியைக் கையை நீட்டச் சொல்லிவிட்டார். அந்தக் குடும்பம் அதன்பிறகு அவரை விட்டு வேறு டாக்டரிடம் போனது மட்டுமல்ல, தேவாலயத்தில் பெஞ்சையும் மாற்றிக்கொண்டது. காட்டுப் பெண்களுக்குக் கோடு கிடையாது. தோன்யா லியோகாதியா நாற்பதைத் தாண்டியபின், மூத்த மகன் கோர்தோபா நகரில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், மறுபடி கருவுற்றபோது, டாக்டர் லுனா இழுத்த கோடு அவர் வாழ்நாளிலேயே மிக நீளமானது.

குடிசை வந்த அன்று மாலையே நகரமன்றம் கூடியது. முதலில் அது அங்கே இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். ஆனால் அதன்மேல் நாய்கள் ஒன்றுக்கிருந்ததால் தீர்மானம் நிற்கவில்லை. மறுநாள் புல்டோசர் வந்து இடித்து, மண்ணை லாரியில் ஏற்றிப் போனது. மதியத் தூக்கம் முடிந்து பார்த்தால் அதே இடத்தில், அதே கருகிய மூலையோடு நின்றது. லாரி ஓட்டுநரின் சட்டைப்பையில் இருந்த மண்கூட இல்லை என்று அவரே சொன்னார். பிறகு, 'நம் முன்னோர் வாழ்ந்த விதம் — தற்காலிகக் கண்காட்சி' என்று ஒரு பலகை வைத்தார்கள். யாருடைய முன்னோர் என்று பலகையில் இல்லை.

கண்காட்சி நகரத் தொடங்கியது. ஒரு மதியம் சதுக்கத்திலிருந்து சாலைக்கு வந்தது. இன்னொரு மதியம் நடைபாதையில் ஏறியது. எப்போதும் மதியத்தில்தான். விழித்திருந்து கண்காணிக்க ஒரு காவலரை நியமித்தார்கள். சாந்தியாகோவில் பிறந்த எவராலும் மதியச் சாப்பாட்டுக்குப்பின் கண்ணைத் திறந்து வைக்க முடியாது என்பது மேயருக்குத் தெரியாததல்ல, அவரும் தூங்கப் போய்விட்டதால் கண்டிக்க ஆளில்லை. தூக்குமானிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். ஒரு வாரத்தில் அவரும் நம்மவர் ஆகிவிட்டார், பாயோடு வந்தார்.

குழந்தைக்கு மரியா தெயோதோரா ஃபெலிசிதாத் எலிசாகோயென் பாராசா என்று பெயரிட்டார்கள். அவ்வளவு பெயரைத் தாங்கும் எடை அதற்கு இல்லை. வீட்டில் ஃபெலி என்றார்கள். பிறந்த சில வாரத்தில் ஃபெலியின் கண் மஞ்சளாயிற்று. பால் குடித்துக்கொண்டே களைத்துத் தூங்கினாள். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் மேளம் மாதிரி ஏறியது. டாக்டர் லுனா வயிற்றைத் தட்டிப் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று வேலைக்காரப் பெண் பிற்பாடு சொன்னாள், முகம் வெளுத்ததாம். ஆனால் கோடு போட்ட கை கோட்டை அழிக்காது. எலிசாகோயென் வம்சத்தில் எலும்பு மெல்லிசாகத்தான் இருக்கும், முப்பாட்டனாரின் ஓவியத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லிவிட்டு, ஒரு சத்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, தொப்பியை மறந்துவிட்டுப் போனார். அன்று மதியம் குடிசை வெளி வாசலைத் தாண்டி மேயர் வீட்டு முற்றத்துக்குள் வந்து, எலுமிச்சை மரத்தின்கீழ் நின்றது.

அப்போதுதான் நிகாசியா வந்தாள். ஒரு மடக்கு நாற்காலி, வெந்நீர்க் கெண்டி, மாத்தே என்ற கசப்புத் தேநீரை உறிஞ்சும் சுரைக்குடுவை. குடிசை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நகராட்சி ஆள் வந்து இங்கே உட்காரக் கூடாது என்றதற்கு, வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதானே உட்கார முடியும் என்றாள். தோன்யா சமையலறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து பேசினாள்.

"என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்க்கா. வீட்டுக்கு என்ன வேணும்னு கேட்டியா?"

"அக்கான்னு கூப்பிடாத. வேலைக்காரங்க காதுல விழும்."

"சரி, தோன்யா. தோன்யாவோட பொண்ணுக்குக் கண்ணு மஞ்சளா இருக்காமே. என் சின்னவனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எனக்குக் கோடு போட ஆளு இல்ல. கைய நீட்டுன்னாங்க, நீட்டினேன். ரெண்டு மாசம் மாத்திரைய நுணுக்கிக் குடுத்தேன். இப்ப கால்பந்து ஆடுறான். கேவலமா ஆடுறான். ஆனா ஆடுறான்."

கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, ஒரு தட்டில் கறி அடைத்த சூடான எம்பனாதா நான்கு வெளியே வந்தது. தட்டைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது. நிகாசியா வாங்கிக்கொண்டு, அம்மா சீரகம் இன்னும் கொஞ்சம் போடுவாள் என்று கதவுக்குச் சொன்னாள்.

அரசு ஆஸ்பத்திரி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மேயர் அதைத் திறந்து வைத்த நாளுக்குப்பின் அவர் குடும்பத்திலிருந்து யாரும் அதனுள் போனதில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் தோன்யா அதன் பெயரைச் சொன்னதும் மேயர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீ அங்க போய் நின்னா நாளைக்கு ஊர் முழுக்கப் பேசும்."

"இப்பவும் பேசுது. முத்தத்துல நிக்குது, பேசாதா?"

"நிக்கிறது யாரோடதுன்னு எவனுக்கும் தெரியாது. நீ போனேன்னா தெரிஞ்சிடும். அக்டோபர்ல தேர்தல். அது முடியட்டும், பிள்ளைய விமானத்துலயே கோர்தோபாவுக்குத் தூக்கிட்டுப் போவோம். நம்ம பையன் படிக்கிற இடம். கௌரவமா இருக்கும்."

"இவ வயித்துக்கிட்ட அக்டோபர் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு. உன் பேச்ச ஊரே கேக்குது, அதுவும் கேக்குதான்னு பார்ப்போம்."

மேயர் பேசியே பழகியவர். ஆகவே அன்று ரொம்ப நேரம் பேசினார். மண்ணை வென்ற நகரத்தின் மேயர் வீட்டில் குடிசை நோய் என்றால் வளைவை என்ன செய்வது, வெண்கலத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றார். தன் மனைவி எங்கே பிறந்தவள் என்று தனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும், அதை ஒருநாளும் தான் சொல்லிக்காட்டியதில்லை, அதற்காகவாவது அவள் இதைச் செய்யக் கூடாது என்றார். இருபத்தைந்து வருடத்தில் அவர் அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். தோன்யா எழுந்து தட்டுகளைத் தானே எடுத்துப் போனாள். வேலைக்காரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குடிசை அடுத்த மதியம் சாப்பாட்டு அறையில் இருந்தது. மேசை அதனுள் போய்விட்டது. மேயர் முழங்காலில் தவழ்ந்துபோய்க் காப்பி குடிக்க வேண்டியிருந்தது, குடித்தார். அதற்கடுத்து மாடிப்படி. படி எதுவும் உடையவில்லை. பிறகு ஒரு மதியம் தோன்யா தூங்கி எழுந்தபோது படுக்கையறையில் தொட்டில் இல்லை. தொட்டில் இருந்த மூலையில் குடிசை நின்றது, கூரை உத்தரத்தில் இடித்தபடி. சாக்குத்துணிக்குப் பின்னாலிருந்து ஃபெலியின் முனகல் வந்தது. அழ அவளுக்குத் தெம்பு இல்லை.

தோன்யா அந்தச் சாக்குத்துணியின் முன் நின்றாள். இத்தனை வாரத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. தொட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்: சர்க்கரைச் சாக்கு, ஓரத்தில் அம்மா சிவப்பு நூலால் தைத்த கிழிசல். விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மண்தரை, புகைவாசம், இரண்டு பேர் படுக்கும் தோல்கட்டில், நடுவில் பிரெஞ்சு லேஸ் வைத்த தொட்டில். சுவரில் பென்சிலால் இரண்டு உயரக் கோடுகள். தங்கையுடையது அவளுடையதைவிடச் சற்று மேலே. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது தலையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. எடுக்கவில்லை.

ஊர் தூங்கும் நேரம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் கிளம்பினாள். கணக்கு சரிதான், சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ரயில் பாதையைத் தாண்டும்போது பின்னால் புழுதி கிளம்புவதைப் பார்த்தாள். குடிசை பத்தடி இடைவெளி விட்டு, வேலைக்காரி வருவதுபோல, அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் யாரும் தூங்கவில்லை. காட்டுப் பெண்கள் விடியற்காலையில் பஸ் ஏறி வந்து மாலை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். தூங்க அவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. பெஞ்சு நிறைய இருந்தார்கள். பாதிப் பேரின் வீட்டைத் தோன்யா தன் கையால் எரித்திருந்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் முணுமுணுக்கவும் இல்லை. ஒருத்தி மட்டும் இடுப்பை நகர்த்தி உட்கார இடம் கொடுத்தாள். தோன்யாவுக்கு அதுதான் தாங்கவில்லை. குடிசை வாசற்படியில் வந்து நின்றுகொண்டது.

டாக்டர் இல்தா கொரோனெலின் அறைத் திரைச்சீலை துவைக்கப் போயிருந்ததால் உள்ளே பேசுவது வெளியே அப்படியே கேட்டது.

"பேரு?"

"தோன்யா லியோகாதியா எலிசாகோயென் தெ…"

"பிள்ளையோட பேரக் கேட்டேன்மா."

"ஃபெலி."

டாக்டர் ஃபெலியின் வயிற்றைத் தடவினார். கல்லீரலின் விளிம்பைத் தேடிய விரல் வெகுதூரம் கீழே போய் நின்றது.

"நீங்க பொறந்த வீடு? செங்கல்லா, மண்ணா?"

"செங்கல். ஓட்டுக் கூரை. முன்னால தூண் வெச்ச வராந்தா."

வாசற்படியில் நின்ற குடிசையின் கூரையிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார், மறுபடி தோன்யாவைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ கேக்குறேன். உங்க வம்சக் கதை எனக்கு வேணாம். இவளுக்கு என்ன பண்ணணும்னு தெரியணும். எங்க பொறந்தீங்க?"

தோன்யா குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அந்த அறையில் அன்று மின்விசிறியும் ஓடவில்லை.

"மண்ணு. கூரையிலேர்ந்து விழும். அம்மா எண்ண தீர்ற வரைக்கும் விளக்க எரிய விடுவா. முகத்த மூடிட்டுப் படுங்கடின்னு சொல்லுவா. தங்கச்சி மூடிக்குவா. எனக்குப் புழுக்கம் தாங்காது. நான் துணிய எடுத்துடுவேன்."

"சரி," என்று டாக்டர் இல்தா ஃபெலியின் குதிகாலைக் குத்தினார்.

கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்ததும் தெரிந்தது. தோன்யாவைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னார். இரத்தத்தினூடே மெல்லிசாக, நூல் துணுக்கு மாதிரி ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டு போயிற்று. அதற்கு வம்சம் எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. ஒரு வயதுக்குள் கண்டுபிடித்துவிட்டால் பிள்ளைகள் அநேகமாக முழுசாகப் பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். பெரியவர்களுக்கு அப்படி உறுதி சொல்ல முடியாது, இருந்தாலும் பிள்ளை பால்குடி மறந்தபின் தோன்யாவும் மருந்து எடுக்க வேண்டும், இதயத்தை வருடா வருடம் பார்க்க வேண்டும். வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

"ஒரு பையன். எவெரார்தோ. டாக்டருக்குப் படிக்கிறான்."

"அப்ப சொல்றது சுலபம். அவனையும் உடனே ரத்தம் குடுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்," என்றாள் தோன்யா.

மாத்திரையைக் கால்பங்காக உடைத்து, நுணுக்கி, தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மாத்திரையைத் தினமும் நிகாசியா வந்து உடைத்தாள். முன்வாசல் வழியாகத்தான் வந்தாள். இரண்டு மாதத்தில் ஃபெலியின் வயிறு வடிந்தது. முதல் பிறந்தநாளில் கேக்குக்குள் முகத்தை விட்டாள். இரண்டாம் பிறந்தநாளுக்கு முன் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் இல்லை. மேயர் அக்டோபரில் ஜெயித்தார், காட்டு ஓட்டுகளால் ஜெயித்தார், அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஓட்டுவீட்டுச் சீமாட்டிகள் ஒவ்வொருவராக, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வேலைக்காரிக்குத் துணையாக வந்ததாகச் சொல்லிக்கொண்டு, ரயில் பாதையைத் தாண்டினார்கள். வேலைக்காரிகள் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். டாக்டர் லுனா பேனாவைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டுத் தோட்டம் போடப் போனார். ஓவியத்தில் இருந்த முப்பாட்டனாரைத் தோன்யா கழற்றிச் சமையலறையில் மாட்டினாள். அங்கே அவர் நன்றாகவே பொருந்தினார்.

குடிசை முற்றத்துக்குத் திரும்பி எலுமிச்சை மரத்தடியில் நின்றுவிட்டது. பிள்ளை பிழைத்துவிட்டதே, இனி இதற்கு என்ன வேலை என்று ஊரில் யோசித்தார்கள். பிறகு, அதற்கு இங்கே பிடித்துப்போய்விட்டது என்று முடிவு செய்தார்கள். பூச்சி எதுவும் இல்லை. சுகாதார ஆட்கள் வந்து விரிசல்களில் தேடிவிட்டு, சுத்தம் என்று சுண்ணாம்பால் எழுதிப் போனார்கள். ஃபெலி அதனுள் நடை பழகினாள், பிறகு பொம்மைக் கடை வைத்தாள். தோன்யா மதியத்தில் அங்கேதான் தூங்கினாள், முகத்தை மூடாமல். எட்டு வருடம் அப்படிப் போயிற்று. டாக்டர் இல்தா வருடா வருடம் இதயத்தைப் பார்க்கும்போது பையன் இரத்தம் கொடுத்தானா என்று கேட்பார். கொடுத்தான் என்று அவளும் வருடா வருடம் சொல்வாள். வெளியே நிற்கும் குடிசையிலிருந்து வருடா வருடம் கொஞ்சம் மண் உதிரும்.

ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்தை மகனிடம் மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. பெஞ்சில் இருந்த பெண்கள் முன்னால் சொல்லிவிடலாம், அவர்களுக்கு மண் தெரியும். எவெரார்தோவை அவளே செதுக்கியிருந்தாள்: அவன் மோதிரத்தில் எலிசாகோயென் முத்திரை இருந்தது, அதை நகைக்கடைக்காரருக்கு வரைந்து கொடுத்தது அவள்தான். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டாள். அவன் படிப்பு முடித்தான். மேற்படிப்பு முடித்தான். கோர்தோபாவில், பளிங்குப் படி வைத்த ஒரு கட்டடத்தில், சொந்தமாக மருத்துவமனை திறந்தான். திறப்பு விழாவில் அம்மாவின் வம்சத்தைப் பற்றி அவன் பேசியபோது அவள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிகாசியா எதிரே உட்கார்ந்து மாத்தேயை உறிஞ்சிக்கொண்டிருக்க, அவள் சொல்லிவிட்டாள். குடிசை, கூரை, விளக்கு, துணி, ஃபெலி, எல்லாம். கடைசியில், உனக்கும் என் வயித்திலேயே வந்திருக்கலாம்டா, எனக்கு அப்ப தெரியாது, தெரிஞ்சப்புறம் சொல்ல வெக்கமா இருந்துச்சு என்றாள்.

அந்தப் பக்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

"அம்மா, வெளிய நோயாளிங்க காத்திருக்காங்க," என்றான் எவெரார்தோ.

"ஞாயித்துக்கெழமையாடா?"

தொலைபேசி வைக்கப்பட்டிருந்தது.

"என்னக்கா சொன்னான்?" என்று நிகாசியா கேட்டாள்.

"வேலையா இருக்கானாம்."

"உன் பிள்ளதான்," என்றாள் நிகாசியா.

மறுநாள் மதியம் தோன்யா வெறும் தரையில் எலுமிச்சை மரத்தடியில் கண்விழித்தாள். தலைக்குமேல் கூரை இல்லை, இலைதான் இருந்தது. புழுதித் தடம் தெற்கே போயிற்று. எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவள் முகம் சிவந்தது. தான் செய்திருக்க வேண்டிய பயணத்துக்கு வீடு போயிருக்கிறது. ஃபெலி தன் பொம்மைகளையும் கொண்டுபோய்விட்டதே என்று அழுதாள்.

மதியத்தில் மட்டும் நடப்பதால் அது கோர்தோபா போய்ச் சேர இரண்டு மாதம் பிடித்தது. வழியில் உப்புப் பாலையில் லாரிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். ஒரு பெட்ரோல் நிலையத்தில் அதன் நிழலில் ஒதுங்கி எம்பனாதா சாப்பிட்டவர்களும் உண்டு. பளிங்குப் படியில் ஏறி, வரவேற்பறையில், மீன்தொட்டிக்கும் இதயப் படத்துக்கும் நடுவில் அது நின்றுகொண்டது. இதுவும் ஓர் அலங்காரம் என்று நோயாளிகள் முதலில் நினைத்தார்கள். பிறகு உள்ளே குளிர்ச்சியாக இருப்பது தெரிந்ததும் அங்கேயே காத்திருக்க ஆரம்பித்தார்கள். தோல்கட்டிலில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார்கள், பொம்மைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. டாக்டர் எவெரார்தோ பாராசா இதய நிபுணர். சாகாஸ் நோயால் வீங்கும் இதயங்களைப் பற்றிய மாநாட்டு அமர்வுக்கு ஆண்டுதோறும் அவர்தான் தலைவர். இரத்தம் எடுக்கும் குப்பியோடு நர்ஸ் தன் பக்கம் வரும்போதெல்லாம் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார்.